செந்நிறக் கோல்களின் பெயர் என்ன?



ஒரு பள்ளியை விட்டு மற்றொரு பள்ளிக்குச் செல்லும் மாணவனுக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதித் தருவது வழக்கம். அதில் பெயர், தந்தை பெயர், பிறந்த நாள் முதலியவற்றோடு அங்க அடையாளங்களுக்கென்று ஒரு கட்டமும் உண்டு. 'வலது முழங்கையில் ஒரு மச்சம்', 'இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு' என்று அதில் குறிப்போம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்த நான் இத்தகைய சான்றிதழ்கள் எத்தனையோ எழுதியிருக்கிறேன். ஆயினும் அந்தக் கட்டத்தின் அருமையை எனக்கு உணர்த்தியவர்கள் ஒரே வகுப்பில் பயின்ற இரட்டையர் இருவரே. உயரம் ஒன்று, நிறம் ஒன்று, குரலும் ஒன்று. தம்பி செய்த குறும்புக்கு அண்ணன் பெஞ்சின் மேல் ஏறி நின்றதும் உண்டு. இறுதியில், ஒருவனுடைய காது மடலின் பின்புறம் மறைந்திருந்த ஒரு சிறு மச்சமே ஆசிரியர்களைக் காப்பாற்றியது.

மருத்துவமனைகளைச் சார்ந்த நுண்ணுயிர் ஆய்வகங்களிலும் இத்தகைய தொல்லை நெடுங்காலம் இருந்து வந்தது. நோயாளியின் சளியைக் கண்ணாடிச் சில்லில் தடவி, சாயமேற்றி, நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்க்கிறார் ஆய்வாளர். நீலப் பின்னணியில் செந்நிறக் கோல்கள் சில தெரிகின்றன. கண்டுகொண்டேன் என்று அவர் மகிழலாம். ஆனால் எதைக் கண்டார்? அவை காசநோயை உண்டாக்கும் கிருமிகளா, அவற்றின் உறவினமாகிய வேறு கிருமிகளா, அல்லது குழாய்த் தண்ணீரிலிருந்து வந்து சேர்ந்த சாதுவான உயிர்களா? வடிவத்தை மட்டும் பார்த்து இதனைச் சொல்ல இயலாது. இந்தக் குழப்பத்தை நீக்க எழுந்த ஒரு முறையைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விழைகிறேன்.

முதலில் இக்குடும்பத்தை அறிமுகம் செய்து கொள்வோம். 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், பெர்லின் நகரில் இராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய மருத்துவர், காசநோய்க்குக் காரணம் ஒரு நுண்ணிய கோல் வடிவக் கிருமியே என்று அறிஞர் குழுவின் முன் நிறுவிக் காட்டினார். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1873இல், நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் தொழுநோயாளியின் உடலில் இதே தோற்றமுடைய கோல்களைக் கண்டிருந்தார். 1896இல் லேமன், நியூமன் என்னும் இருவர் இவற்றை ஓரினமாக்கி 'மைக்கோபாக்டீரியம்' என்று பெயரிட்டனர். பூஞ்சை போன்ற பாக்டீரியம் என்பது பொருள். திரவத்தின் மேற்பரப்பில் வளருங்கால் காசநோய்க் கிருமி பூசணம் பூத்தாற்போல் ஆடை கட்டுவதால் அப்பெயர் வந்தது.

இவ்வினத்தின் தனிச்சிறப்பு அதன் மெழுகுப் போர்வை. மைக்காலிக் அமிலம் எனப்படும் நீண்ட கொழுப்பமிலங்களால் ஆகிய தடித்த சுவர் இக்கிருமிகளைச் சூழ்ந்திருக்கிறது. சாதாரணச் சாயம் அதனுள் எளிதிற் புகுவதில்லை. சூடேற்றிப் புகுத்தினாலோ, பின்னர் அமிலம் ஊற்றிக் கழுவினாலும் வெளியேறுவதில்லை. ஆதலின் 'அமிலத்திற்கு அசையாதவை' என்னும் பொருளில் இவற்றை ஆசிட் பாஸ்ட் கிருமிகள் என்பர். சீல், நீல்சன் என்னும் இரு ஜெர்மானியர் பெயரால் வழங்கும் சாயமுறை இன்றும் நம் நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை கையாளப்படுவதாகும். எளியது, மலிவானது, அன்றைக்கே விடை தருவது. எனினும், ஒரு மில்லி லிட்டர் சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் அவை கண்ணிற் படும். மேலும், மெழுகுப் போர்வை குடும்பச் சொத்து ஆகையால், அது குடும்பத்தைக் காட்டுமேயன்றி ஆளைக் காட்டாது.

இக்குடும்பத்தில் இன்று அறியப்பட்ட சிற்றினங்கள் ஏறத்தாழ இருநூறு. பெரும்பாலானவை மண்ணிலும் நீரிலும் வாழ்பவை. 'ஏவியம்' என்பதும் 'இன்ட்ராசெல்லுலாரே' என்பதும் நெருங்கிய இணை; நுரையீரல் நலிந்தவர்களையும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களையும் பற்றுவன. 'கன்சாசி' என்பது 1953இல் அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் விவரிக்கப்பட்டது; அதுவும் காசநோயை ஒத்த நுரையீரல் நோயை உண்டாக்கும். 'கார்டோனே' என்பதோ குழாய்த் தண்ணீர்வாசி. ரூத் கார்டன் என்னும் அமெரிக்கப் பெண் அறிஞரைப் போற்றும் வகையில் அதற்கு அப்பெயர் இட்டனர். பெரும்பாலும் யாருக்கும் தீங்கு செய்யாத அது, ஆய்வுக் குழாய்களில் மட்டும் அழையா விருந்தாளியாக வந்து நின்று ஆய்வாளரை மயக்கும். ஒருவரைப் பெருமைப்படுத்தும் விதம் இப்படியும் உண்டு போலும்!

பெயர் எதுவாயின் என்ன, கிருமி கிருமிதானே என்று நீங்கள் கேட்கலாம். பெயரில்தான் எல்லாம் இருக்கிறது. காசநோயாயின் ஐசோனியாசிட், ரிபாம்பிசின், பைரசினமைடு, எத்தம்பியூட்டால் என்னும் நான்கு மருந்துகளோடு தொடங்கி ஆறு மாதங்கள் கொடுப்பது பொதுமுறை. ஏவியம் இணையாயின் அசித்ரோமைசின் போன்ற வேறு வகை மருந்து முதன்மை பெறும். சளியில் கிருமி மறைந்த பின்னரும் ஓராண்டுக் காலம் தொடர வேண்டும். கன்சாசிக்குப் பைரசினமைடு பயன்படாது. கார்டோனேயாயின் பெரும்பாலும் மருந்தே வேண்டா. காசநோய் காற்று வழியே ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவும்; ஆதலின் நோயாளியைத் தனியே வைக்க வேண்டும், வீட்டாரையும் சோதிக்க வேண்டும். மற்றவை பொதுவாக அவ்வாறு ஆளுக்கு ஆள் பரவுவன அல்ல.

என் இளமையில் எங்கள் ஊரில் ஒருவருக்குக் காசநோய் என்று சொல் பிறந்தால் போதும். அவருக்குத் தனித் தட்டு, தனிக் குவளை, திண்ணையின் ஒரு கோடியில் தனிப் பாய். அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள். அவர்களுள் எத்தனை பேருக்கு உண்மையில் எந்தக் கிருமி இருந்தது என்று யாரே அறிவார்? 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேர் புதிதாகக் காசநோய்க்கு ஆளாயினர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் நான்கில் ஒரு பங்கினர் நம் நாட்டினர். நோய் உள்ளவனைத் தவறவிடுவதும் பிழை. இல்லாதவனுக்கு அப்பெயரைச் சூட்டுவதும் பிழை.

இனி, பழைய முறையில் பெயரறிந்தது எவ்வாறு என்று காண்போம். சளியைக் காரம் கொண்டு தூய்மை செய்து, கோழி முட்டை கலந்து உறையச் செய்த பச்சை நிற ஊட்டத்தின் மீது இடுவார்கள். லோவென்ஸ்டீன், ஜென்சன் இருவர் பெயரையும் தாங்கிய ஊட்டம் அது. பிறகு காத்திருக்க வேண்டும். நம் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பாக்டீரியா தக்க சூழலில் இருபது நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கோ அதே காரியத்திற்குச் சுமார் இருபது மணி நேரம் வேண்டும். ஒன்றுக்கு அறுபது என்னும் விகிதம்! மாலையில் இட்ட குடற்கிருமி மறுநாட்காலை கண்ணுக்குத் தெரியும் கூட்டமாகும்; காசநோய்க் கிருமி அவ்வாறு கூட்டமாக மூன்று வாரம் முதல் எட்டு வாரம் வரை ஆகும்.

வளர்ந்த பின்னும் ஆய்வு முடிந்துவிடாது. கூட்டம் ரொட்டித் துகள் போல் சொரசொரப்பாக, மங்கிய வெண்ணிறமாக இருப்பின் காசநோய்க் கிருமியாக இருக்கலாம். இருளில் வெளிறி, ஒளி பட்டவுடன் மஞ்சளாக மாறினால் கன்சாசியாக இருக்கலாம். இருளிலும் ஒளியிலும் மஞ்சளாகவே இருந்தால் கார்டோனேயாக இருக்கலாம். எர்னஸ்ட் ருன்யான் என்னும் அமெரிக்கர் 1959இல் காசநோய் அல்லாத இனங்களை நிறத்தையும் வளரும் வேகத்தையும் கொண்டு நான்கு பிரிவாக்கினார். 'இருக்கலாம்' என்பதை 'இருக்கிறது' என்று ஆக்க, நியாசின் என்னும் சத்தை அது வெளியிடுகிறதா, நைட்ரேட்டை மாற்றுகிறதா, 68 பாகை வெப்பத்திலும் அதன் கேட்டலேஸ் நொதி வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். இதற்கும் மறுபடி வளர்க்க வேண்டும். இன்னும் சில வாரங்கள் கழியும். இவையெல்லாம் மாணவனை நடையையும் பேச்சையும் வைத்து அடையாளம் காண்பது போன்றவை. காது மடலின் பின்னே பார்க்க ஒரு வழி வேண்டியிருந்தது.

அந்த வழி பிறந்த இடம் மருத்துவமனை அன்று. 1953இல் வாட்சன், கிரிக் இருவரும் டி.என்.ஏ. என்பது முறுக்கிய இரட்டை இழை என்று காட்டியதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். அடினைன், தைமின், குவானைன், சைட்டோசைன் என்னும் நான்கு எழுத்துகளால் ஆகிய இழை அது. எதிரெதிர் இழைகளில் அடினைனுக்கு நேரே தைமினும், குவானைனுக்கு நேரே சைட்டோசைனும் அமையும். இந்த விதி மாறாது. ஓர் இழையில் 'கு, அ, சை, சை, தை' என்று இருந்தால், அதன் எதிரே 'சை, தை, கு, கு, அ' என்றுதான் இருக்கும். நம் கைச்சட்டையின் பொத்தான்களும் காஜாக்களும் போல ஒன்றுக்கு ஒன்று.

இந்த இரட்டை இழையை நீரிலிட்டுக் கொதிநிலைக்கு அருகே சூடாக்கினால் இழைகள் பிரிந்துவிடும். மெல்ல ஆறவிட்டால் என்ன ஆகும்? பிரிந்த இழைகள் தத்தம் இணையைத் தேடிக் கண்டு மீண்டும் சேர்ந்து கொள்ளும்! ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பால் டோட்டி, ஜூலியஸ் மார்மர் ஆகியோர் 1960இல் இதனைக் காட்டினார்கள். மறு ஆண்டே ஹால், ஸ்பீகல்மன் இருவரும் டி.என்.ஏ. இழை தனக்கு இணையான ஆர்.என்.ஏ. இழையோடும் இவ்வாறு சேரும் என்று மெய்ப்பித்தனர். கோடிக்கணக்கான இழைகள் கலந்து மிதக்கும் ஒரு துளியில் ஓர் இழை தன் துணையைத் தானே தேடிக் கொள்கிறது என்பது, எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத செய்தி.

இதிலிருந்து ஒரு யுக்தி எழுகிறது. நமக்குத் தெரிந்த ஒரு குறுகிய ஒற்றை இழையைச் செய்து, அதில் ஓர் அடையாளப் பொருளைக் கட்டி, தெரியாத கிருமியின் இழைகளுக்கு நடுவே விட்டால், அதன் துணை அங்கே இருந்தால் பற்றிக் கொள்ளும். இல்லையேல் அநாதையாக மிதக்கும். இத்தகைய இழையை ஆங்கிலத்தில் 'ப்ரோப்' என்பர். துலக்கி என்று சிலர் கூறுவர். நான் 'துருவி' என்ற சொல்லை எடுத்துக் கொள்கிறேன். துருவிப் பார்ப்பதுதானே அதன் தொழில். உங்களுக்குத் தேங்காய் துருவி நினைவுக்கு வந்தால் குற்றமில்லை. ஒரு முறை சிரித்துவிட்டு மேலே செல்வோம்.

துருவியின் நீளம் எவ்வளவு இருக்க வேண்டும்? இதைக் கணக்காகவே போட்டுப் பாருங்கள். நான்கு எழுத்துகளைக் கொண்டு இருபது எழுத்து நீளமுள்ள சொற்கள் எத்தனை அமைக்கலாம்? நான்கை இருபது முறை பெருக்கினால் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் கோடி. காசநோய்க் கிருமியின் முழு மரபுத் தொகுதியோ சுமார் 44 லட்சம் எழுத்துகளே. 1998இல் அதனை முழுதும் படித்து வெளியிட்டார்கள். ஆகவே குறிப்பிட்ட இருபது எழுத்துச் சொல் ஒன்று தற்செயலாக வேறிடத்தில் வாய்ப்பது அரிது. ஆனால் இந்தக் கணக்கை முழுவதும் நம்பிவிடாதீர்கள். உறவினங்களின் எழுத்துகள் தற்செயலாக அமைந்தவை அல்ல. ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை. ஆகையால் பல இடங்களில் ஓரெழுத்து, ஈரெழுத்து வேறுபாடே இருக்கும். அந்த வேறுபாட்டைப் பிடிப்பதில்தான் தொழில் நுட்பம் இருக்கிறது.

எந்த இழையைத் துருவுவது என்பது அடுத்த வினா. கிருமியில் மரபுத் தொகுதி ஒன்றுதான்; ஒன்றைத் தேடிப் பிடிப்பது கடினம். ஆனால் புரதம் செய்யும் பட்டறைகளாகிய ரைபோசோம்கள் ஒரு செல்லில் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ரைபோசோம் ஆர்.என்.ஏ. என்னும் இழை உண்டு. இயற்கையே படியெடுத்து வைத்த பிரதிகள் அவை! மேலும் அவ்விழையில் எல்லா உயிர்களுக்கும் பொதுவான பகுதிகளும், இனத்துக்கு இனம் மாறும் பகுதிகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இதனை மருத்துவச் சோதனைக்குப் பயன்படுத்தலாம் என்று கண்டவர் டேவிட் கோன். இவர் 1968இல் ராய் பிரிட்டனுடன் சேர்ந்து, பிரிந்த டி.என்.ஏ. இழைகள் மீண்டும் சேரும் வேகத்தை அளந்து புகழ் பெற்றவர். 1983இல் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் தோன்றிய ஜென்-ப்ரோப் என்னும் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர்.

அந்நிறுவனம் முதலில் செய்த மைக்கோபாக்டீரியத் துருவிகள் கதிரியக்க அயோடின் கட்டப்பட்டவை. அவை நன்றாகவே வேலை செய்தன. ஆனால் அயோடின்-125 அறுபது நாளில் பாதி வலிமை இழந்துவிடும். கழிவையும் பத்திரமாக அகற்ற வேண்டும். சாதாரண மருத்துவமனைக்கு அது ஒத்து வரவில்லை. எனவே அக்ரிடினியம் எஸ்டர் என்னும், ஒளிவிடும் பொருளைக் கட்டிய துருவிகளுக்கு மாறினார்கள். அந்த முறையின் விவரம் 1989இல் வெளியாயிற்று. 1990களில் பல நாட்டு ஆய்வகங்களுக்கும் பரவியது. அதனைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏனெனில் அழகான வேதியியல் அது.

வளர்ந்த கூட்டத்தில் ஊசி நுனியளவு எடுத்து, நுண்ணிய கண்ணாடி மணிகள் இட்ட குழாயில் போடுகிறார்கள். குழாயை நீர்த்தொட்டியில் நிறுத்தி, காதுக்குக் கேளாத ஒலியலைகளைப் பாய்ச்சினால் மணிகள் அதிர்ந்து மோதி அந்த மெழுகுச் சுவரை உடைக்கின்றன. சாயத்தையும் அமிலத்தையும் தடுத்து நின்ற கோட்டை அல்லவா? அதனை இடிக்காமல் உள்ளே உள்ள இழைகள் வெளிவாரா. அடுத்து 95 பாகையில் சுமார் பத்து நிமிடம் சூடாக்குகிறார்கள். கிருமி மடிவதால் ஆய்வாளருக்கும் அச்சமில்லை. அந்தச் சாற்றைத் துருவி உள்ள குழாயில் ஊற்றி, 60 பாகையில் கால் மணி நேரம் வைக்கிறார்கள். துருவிக்கு இணையான ஆர்.என்.ஏ. இருந்தால் இரண்டும் முறுக்கிக் கொள்ளும். ஓரெழுத்து பொருந்தாவிடினும் பிடி தளரும். சட்டையில் ஒரு பொத்தான் மாறினால் மற்றவையும் கோணிக் கொள்வது போன்றது அது. அந்த வெப்பத்தில் தளர்ந்த பிடி நிலைக்காது.

இப்போது குழாயில் துணை சேர்ந்த துருவிகளும் உண்டு, சேராதவையும் உண்டு. இரண்டிலும் ஒளிப்பொருள் இருக்கிறதே, எப்படிப் பிரிப்பது? பிரிக்கவே வேண்டா என்பதுதான் இம்முறையின் சிறப்பு. காரத்தன்மையுள்ள ஒரு கரைசலைச் சேர்த்து மீண்டும் சில நிமிடம் 60 பாகையில் வைக்கிறார்கள். அது அக்ரிடினியத்தைச் சிதைத்து ஒளியற்றதாக்கும். ஆனால் துணையோடு முறுக்கிக் கொண்ட துருவியில் அக்ரிடினியம் இரு இழைகளுக்கு இடையே ஒடுங்கி மறைந்திருப்பதால் கரைசல் அதனை எளிதில் தீண்டாது. கார்த்திகை அகலைக் காற்றடிக்கும்போது இரு கைகளையும் குவித்து மறைக்கிறோமே, அதுபோல. காற்றடித்து ஓய்ந்த பின் எஞ்சி எரிவன, கை குவித்துக் காக்கப்பட்ட அகல்கள் மட்டுமே. பின்னர் குழாயை ஒளியளக்கும் கருவியில் வைத்தால், அது ஹைட்ரஜன் பெராக்சைடையும் காரத்தையும் செலுத்தும். எஞ்சிய அக்ரிடினியம் பளிச்சென்று மின்னி அணையும். இரண்டு விநாடி ஒளியைக் கருவி எண்ணாகக் காட்டும். அந்த எண் 30,000 என்னும் எல்லையைத் தாண்டினால் 'ஆம்', தாழ்ந்தால் 'இல்லை'. ஒவ்வொரு முறையும் பெயர் தெரிந்த கிருமிகள் இரண்டையும், ஒன்று 'ஆம்' என்றும் மற்றது 'இல்லை' என்றும் சொல்ல வேண்டியவை, உடன் வைத்துச் சோதித்த பிறகே விடையை நம்புவார்கள்.

எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். முன்பு வாரக்கணக்கில் ஆன வேலை!

இஃது எத்தகைய வேளையில் வந்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள். 1980களில் எய்ட்ஸ் நோய் அமெரிக்க நகரங்களில் பரவியது. அந்நோயாளிகளின் இரத்தத்திலும் சளியிலும் செந்நிறக் கோல்கள் காணப்பட்டன. பலருக்கு அவை ஏவியம் இணையைச் சேர்ந்தவை. வேறு சிலருக்குக் காசநோய்க் கிருமி. முதல் வகையினரைத் தனியறையில் அடைப்பது வீண். இரண்டாம் வகையினரைப் பொது வார்டில் வைப்பதோ அடுத்த கட்டிலில் கிடப்பவனுக்கு ஆபத்து. அவனும் எதிர்ப்பாற்றல் இழந்தவனாயின் அது மரணத்திற்கே வழி. அப்பத்தாண்டின் இறுதியில் பல மருந்துகளுக்கும் அடங்காத காசநோய் நியூயார்க் மருத்துவமனைகளுக்குள்ளேயே பரவி உயிர்களைக் கொண்டு சென்றது. பெயரை அறிய இரண்டு மாதம் காத்திருப்பது என்ன விலை என்பதை அவர்கள் கண்கூடாகக் கண்டனர். கிருமி விடும் கரியமில வாயுவைக் கதிரியக்கக் கார்பன் கொண்டு அளந்து, இரண்டொரு வாரத்தில் வளர்ச்சியை அறியும் திரவ ஊட்டமுறையும் அப்போது கைக்கு வந்திருந்தது. அதனோடு துருவியும் சேர, மருத்துவர் கைக்குப் பெயர் மாதக் கணக்கிலன்றி வாரக் கணக்கில் வந்து சேர்ந்தது.

நம் தமிழ்நாட்டிற்கும் இக்குடும்பத்தின் குழப்பம் புதிதன்று. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ மையம், மருந்தை ஒழுங்காக உண்டால் நோயாளி வீட்டிலிருந்தே குணமடையலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியைப் பெரிய அளவில் சோதித்தபோது, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்ற முடிவு அறிஞர்களைத் திகைக்க வைத்தது. அப்பகுதி மக்களுக்குச் சுற்றுப்புறத்து மைக்கோபாக்டீரியங்களோடு முன்பே பழக்கம் இருந்தமை அதற்கு ஒரு காரணமாகலாம் என்பது அப்போது எழுந்த கருத்துகளுள் ஒன்று. சாதுவான உறவினர்களும் கணக்கில் சேர்க்க வேண்டியவர்கள்தாம்.

துருவியின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். அது கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். காசநோய்த் துருவி, ஏவியம் துருவி, கன்சாசித் துருவி, கார்டோனேத் துருவி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்வி. இவை எவற்றிலும் சேராத கிருமி வந்தால் எல்லாக் குழாயும் 'இல்லை' என்றே கூறும். எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்பதைக் கூட்டத்தின் நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து ஆய்வாளரே முடிவு செய்ய வேண்டும். பழைய அறிவு அங்கே இன்னும் வேண்டியிருந்தது. மருந்துக்கு அக்கிருமி அடங்குமா என்பதையும் இத்துருவி சொல்லாது.

சில வேளை அது பொய்யும் சொன்னது. 1993இல் 'செலாட்டம்' என்றொரு புதிய சிற்றினம் விவரிக்கப்பட்டது. மறைந்திருப்பது என்பது அச்சொல்லின் பொருள், பொருத்தமான பெயர். காசநோய்த் துருவி தேடும் இடத்தில் அதன் எழுத்துகள் மிகவும் ஒத்திருந்தன. வெப்பம் ஓரிரு பாகை குறைந்தால் பொருந்தாத பிடியும் நிலைத்துவிடும்; கருவியின் எண் எல்லையைச் சற்றே தாண்டும்; காசநோய் இல்லாதவருக்குக் காசநோய் என்று அறிக்கை போகும். இதனால் வெப்பத்தை இம்மியும் பிசகாமல் வைக்கவும், எல்லையை ஒட்டி வரும் எண்களை ஐயுற்று மீண்டும் சோதிக்கவும் ஆய்வகங்கள் கற்றுக் கொண்டன. நீர்த்தொட்டியில் தொங்கும் வெப்பமானியைப் பார்க்கத் தவறுவது ஒரு மனிதனின் பெயரை மாற்றிவிடக் கூடும் என்பது நினைவிற் கொள்ளத் தக்கது.

பின்வந்தவர்கள் துருவியை வேறு கருவிகளோடு இணைத்தனர். கேரி மல்லிஸ் 1983இல் எண்ணிக் கண்ட பி.சி.ஆர். முறை, ஓரிழையைக் கோடிப் பிரதிகளாக்குவது. அப்படிப் பெருக்கியபின், பல துருவிகளை வரிசையாகப் பதித்த ஒரு சிறு பட்டையின் மீது ஓட விட்டால், எந்தக் கோடு நிறம் பெறுகிறதோ அதுவே பெயர். ஒரே பட்டையில் பல கேள்வி! 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக் கொண்ட எக்ஸ்பர்ட் என்னும் கருவி, வளர்ப்பே இல்லாமல் சளியிலிருந்து நேராக, சுமார் இரண்டு மணி நேரத்தில் காசநோயைக் காட்டுவது. அதனுள்ளும் ஐந்து துருவிகள் இருக்கின்றன. ரிபாம்பிசின் மருந்தின் இலக்காகிய மரபணுவில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதியை அவை பங்கு போட்டுக் காவல் காக்கின்றன. எழுத்து மாறியிருந்தால் அந்த இடத்துத் துருவி ஒட்டாது. மருந்துக்கு அடங்காத கிருமி என்று அதனால் அறிகிறோம். ஒட்டாமையே இங்கே செய்தி.

இறுதியாக, எங்கள் இரட்டையரை ஒத்த ஒரு சிக்கலைச் சொல்கிறேன். காசநோய்க் கிருமி, மாடுகளைப் பற்றும் 'போவிஸ்', அதிலிருந்து செய்த பி.சி.ஜி. தடுப்பூசிக் கிருமி ஆகியவை அவ்வளவு நெருங்கிய உறவு. நான் விவரித்த துருவி தேடும் ரைபோசோம் இழையில் அவற்றுக்குள் வேறுபாடே இல்லை. துருவி எல்லாவற்றிற்கும் 'ஆம், காசநோய்த் தொகுதி' என்றே கூறும். இப்போது, சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு பி.சி.ஜி.யையே மருந்தாக உட்செலுத்துவது உண்டு. அத்தகையவரின் சிறுநீரை வளர்த்துத் துருவினால் 'காசநோய்த் தொகுதி' என்று அறிக்கை வரும். பி.சி.ஜி. கொடுத்த செய்தியை மருத்துவர் அனுப்புப் படிவத்தில் எழுத மறந்திருந்தால், ஒரு குடும்பமே அன்றிரவு உறக்கமின்றிக் கழிக்க நேரும்.

இங்கும் ஒரு மச்சம் உதவிற்று. மச்சம் இல்லாமை என்று சொல்வதே சரி. கால்மெட், குவெரின் என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர் 1908 முதல் 1921 வரை போவிஸ் கிருமியை 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து பி.சி.ஜி.யை உருவாக்கினர். அந்த வளர்ப்பிடையே அதன் மரபுத் தொகுதியிலிருந்து ஒரு துண்டு உதிர்ந்து போயிற்று. ஆர்.டி.1 என்று அத்துண்டுக்குப் பெயர். காசநோய்க் கிருமியிலும் காட்டுப் போவிசிலும் அது இருக்கிறது, பி.சி.ஜி.யில் இல்லை. ஆய்வகம் இப்போது அத்துண்டைத் தேடிப் பார்க்கிறது. கிடைக்கவில்லையானால், சிறுநீரில் வளர்ந்தது தடுப்பூசிக் கிருமியே என்று எழுதலாம். பி.சி.ஜி., போவிஸ் இரண்டும் இயல்பாகவே பைரசினமைடுக்கு அடங்காதவை. ஆகையால் மருந்து வேண்டியிருந்தாலும் அந்த மாத்திரையை மருத்துவர் சீட்டிலிருந்து நீக்கிவிடுவார். வீட்டாரை வரவழைத்துச் சளி சோதிக்க வேண்டிய வேலையும் இல்லை.